கெமிஸ்ட்ரி ஸம்றாவும் சிவப்புத் தேன்பிசினும்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் ஆங்கிலத் தாளை வாசிக்க வேண்டுமா, விசாப் படிவம் நிரப்ப வேண்டுமா, உயர்தரப் பரீட்சையில் மகளுக்கு இரசாயனம் தேற வேண்டுமா, அட்டாளைச்சேனையில் எல்லாருக்கும் ஸம்றாவின் வீடுதான் தெரியும். இந்த மூன்றுக்கும் அப்பால் அவளுடைய மூளை ஊருக்குத் தேவைப்பட்டதில்லை.

இருபது வருடங்களுக்கு முன் அவளுக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்தது. வாப்பா அதை மூன்று தரம் வாசித்து, மாஷா அல்லாஹ் என்றார். அடுத்த மாதமே, கட்டாரில் ஏசி திருத்தும் காலிதீனுக்கு அவளை நிக்காஹ் செய்து கொடுத்தார். ஊரே பாராட்டியது, கடிதத்தையும் கலியாணத்தையும் ஒரே வாயால். காலிதீன் வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். அங்கே வெயில் என்பான். இங்கேயும் வெயில் என்பாள் இவள். பிள்ளைகள் இல்லை. அதற்கு ஊர் சொன்ன மருந்துகளை எல்லாம் எழுதி வைத்திருந்தால் ஒரு நல்ல பாடநூல் ஆகியிருக்கும். எதையெதைக் குடிக்கக் கூடாது என்பதற்கு.

ஒரே வளவுக்குள் இரண்டு சீதன வீடுகள். முன்வீடு ஸம்றாவுக்கு, பின்வீடு தங்கை றுஸ்னாவுக்கு. றுஸ்னாவின் மகன் பஸாலுக்கு, இந்தக் கதையில் வம்பு தொடங்கிய நேரம் ஏழு மாதம். ரியூஷன் முடிந்து பிள்ளைகள் போனதும் அவனை மடியில் கிடத்திக்கொண்டு, ஆவர்த்தன அட்டவணையைத் தாலாட்டாகச் சொல்லித் தூங்க வைப்பாள் ஸம்றா. ஆர்கன் வருவதற்குள் தூங்கிவிடுவான்.

இனித் தேனீக்களுக்கு வருவோம்.

நாடு கடன் கட்ட வழியின்றி வங்குரோத்தான வருடம். பார்மசியில் இருமல் பாணி இல்லை, ஆஸ்பத்திரியில் காயம் தைக்க நூல் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து, பதினைந்து பெண்களைச் சேர்த்து மகளிர் சங்கம் அமைத்தது. ஆளுக்கு இரண்டு தேனீப் பெட்டி கொடுத்து, அதற்கு வாழ்வாதாரம் என்று பெயரும் வைத்தது. சங்கத்துக்குச் செயலாளர் ஸம்றா. ஆங்கிலத்தில் அறிக்கை எழுத ஒருத்தி வேண்டுமே. போஷகர் சப்ரி ஹாஜியார். ஹார்ட்வெயார் கடை முதலாளி, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர். ஊரில் எதற்கெல்லாம் போஷகர் பதவி உண்டோ அதற்கெல்லாம் அவர்தான்.

பெட்டிகள் வந்தபோது வெறும் பலகை நிறத்தில் இருந்தன. திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து பிரமுகர் வருகிறார். வெறும் பலகையைப் பிரமுகர் முன்னால் வைப்பது எப்படி? ஹாஜியாரின் கடைக் கோடியில் பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தூங்கிய சிவப்பு வர்ண டின்கள் வெளியே வந்தன. டின்னில் பெயர் இல்லை. திகதி இருந்த இடத்தில் துரு இருந்தது. வெளியே இரண்டு பூச்சு. பிரமுகர் மூடியைத் திறந்து பார்த்தாலும் பார்ப்பார் என்று உள்ளேயும் இரண்டு பூச்சு.

தேனீ வளர்ப்புப் பழக்க வீரமுனையிலிருந்து வந்த வேலப்போடி பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

“உள்ளுக்கு ஏன் பூசின?”

“வடிவுக்கு” என்றார் ஹாஜியார்.

“பூச்சிக்கு வடிவு தெரியாது ஹாஜியார். அதுக்குப் பலகை மணம் வேணும்.”

“உங்கட பூச்சிக்குத் தெரியாட்டி நீங்க படிச்சுக் குடுங்க. அதுக்குத்தானே சம்பளம்.”

எல்லாரும் சிரித்தார்கள். பிரமுகர் வந்தார், நாடா வெட்டினார், போனார். மூடியை அவர் திறக்கவேயில்லை.

தேனீக்களுக்கு வர்ணம் பிடிக்கவில்லை. பிடிக்காத எதையும் பிசின் பூசி மூடுவது அவற்றின் வழக்கம். மரங்களில் ஊறும் பிசினைச் சுரண்டி வந்து மெழுகோடு பிசைந்து, கூட்டின் வெடிப்புகளை அடைக்கும். வேண்டாத பொருளைப் போர்த்தும். இந்தப் பெட்டிகளில் தேன் கட்டவே அவற்றுக்கு நேரம் கிடைக்கவில்லை. நாலு சுவரையும் விரல் தடிப்பில் பிசினால் மெழுகின. ஆறு மாதம் கழித்துப் பெட்டிக்கு அரைப் போத்தல் தேனும் அள்ள அள்ளப் பிசினும் கிடைத்தன.

சங்கம் அழுகிற நிலையில் இருந்தபோது தொண்டு நிறுவன உத்தியோகத்தர் ஒரு செய்தி கொண்டுவந்தார். இந்தப் பிசினுக்குப் புரோபோலிஸ் என்று பெயராம். தேனைவிடப் பத்து மடங்கு விலையாம். சொட்டு மருந்தாக்கிப் போத்தலில் அடைத்தால் வெளிநாட்டில் தலையில் வைத்துக் கொண்டாடுவார்களாம். அதிலும் சிவப்புப் பிசின் மிக மிக அபூர்வமாம். இவர்களுடையது நல்ல சிவப்பு. ஏன் சிவப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. அபூர்வத்தைக் கேள்வி கேட்பது நன்றி கெட்ட செயல் அல்லவா.

பெண்கள் கத்தியால் சுவரை வழித்துச் சுரண்டினார்கள். பிசினும் வந்தது, பிசினோடு ஒட்டிய பூச்சும் வந்தது.

அடுத்து வந்தது மார்க்கப் பிரச்சினை. புத்தகத்தில் எழுதியிருந்த முறைப்படி பிசினை மதுசாரத்தில் கரைக்க வேண்டும். நம்பிக்கையாளர் சபை இரண்டு கிழமை கூடியது. மதுசாரம் ஆவியாகிப் போனால் என்ன சட்டம், போகாவிட்டால் என்ன சட்டம், பாதி போனால் என்ன சட்டம் என்று விவாதம் நடந்தது. மருந்தில்லாத ஊரில், இருமுகிற பிள்ளைகள் இருமிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வழி சொன்னவள் ஸம்றாதான்.

“அச்சாறுக்கு விடுற வினாகிரியில போடலாம் ஹாஜியார். அதுவும் கரைக்கும். ஹலாலும்.”

ஹாஜியார் முதல் தடவையாக அவளைப் பார்த்து, “மூளைக்காரி” என்றார். அந்த ஒரு சொல் அவளுக்குள் ஒரு கிழமை இனித்தது. இருபது வருடமாக எவரும் கொடுக்காத பட்டம் அது. தென்னை வினாகிரியில் பிசினை மூன்று கிழமை ஊற வைத்தார்கள். வடித்தார்கள், கொஞ்சம் தேன் கலந்தார்கள், சின்னப் போத்தல்களில் அடைத்தார்கள். சாயம் கடும் சிவப்பு.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை பிறந்தால் முதல் இனிப்பாகப் பேரீச்சம்பழத்தை மென்று நாக்கில் தொட்டு வைப்பார்கள். இப்போது அதோடு ஒரு சிவப்புச் சொட்டும் சேர்ந்தது. ஒரு சொட்டு நல்லதென்றால் பத்துச் சொட்டு பத்து மடங்கு நல்லது என்ற கணக்கில் காலையில் ஐந்து, மாலையில் ஐந்து ஆனது. ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்த மிட்வைப்பை, வந்தால் தேநீர் கொடுத்து உபசரித்து அனுப்பினார்கள். பஸாலுக்கும் நாள் தவறாமல் பத்துச் சொட்டு. அவன் வயிறு இறுகி, முகம் வெளிறி, ஆர்கனையும் தாண்டி அழ ஆரம்பித்திருந்தான். பல் முளைக்கிறது என்றார்கள்.

வம்பு முகநூலில் தொடங்கியது. இந்தச் சொட்டில் சாராயம் இருக்கிறது என்று யாரோ எழுதிவிட்டான். ஊர் கொதித்தது. ஹாஜியார் அன்றே ஒரு போத்தலைக் கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். கட்டாருக்கு ஏற்றுமதி செய்யும் யோசனையும் இருந்ததால் முழுப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. முதல் பக்கத்தில் முதல் வரி: மதுசாரம் இல்லை. அந்தப் பக்கம் அன்றே சட்டமிடப்பட்டு, கடையில் கல்லாவுக்கு மேலே ஏறியது.

மறுநாள் ஹாஜியார் ஸம்றாவைக் கடைக்கு அழைத்து, அதே பக்கத்தின் பிரதி ஒன்றை நீட்டினார்.

“இதத் தமிழில வடிவா எழுதித் தா புள்ள. ஜும்ஆவுக்குப் பிறகு மைக்கில வாசிக்கணும். அந்த முகநூல் நாய்க்கு விளங்கட்டும்.”

தாளின் அடியில் மூன்றில் ஒன்று என்று இருந்தது.

“மற்ற ரெண்டு பக்கமும் எங்க ஹாஜியார்?”

“அது மினரல்ஸ். லேபல் அடிக்கக் குடுத்திரிக்கன்.” பெருமையோடு புது லேபலின் மாதிரியை எடுத்துக் காட்டினார். தங்க நிற எழுத்தில், ‘கனிமச் சத்துக்கள் நிறைந்தது’ என்று தலைப்பு. அதன் கீழே கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம், இரும்பு, துத்தநாகம், லெட்.

ஸம்றா கடைசிச் சொல்லில் விரலை வைத்தாள்.

“லெட் எண்டா ஈயம் ஹாஜியார்.”

“ஓம். மற்றதெல்லாத்தையும்போல அதுவும் ஒரு சத்துத்தானே.”

“அது நஞ்சு.”

“நஞ்செண்டா ஏன் அந்த வரிசையில போட்டிரிக்கான்? அவன் படிச்சவன்தானே.”

அச்சகத்திலிருந்து மற்ற இரண்டு பக்கங்களையும் வாங்கி வந்து பார்த்தாள். கல்சியத்துக்குப் பக்கத்திலும் இரும்புக்குப் பக்கத்திலும் வரம்பு என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. ஈயத்துக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று என்று எழுதியிருந்தது. கிலோவுக்கு மூன்று மில்லிகிராம், அதற்கு மேல் கூடாது. இவர்களின் சொட்டில் முப்பத்தெட்டு. கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: மனித நுகர்வுக்கு உகந்ததல்ல.

முப்பத்தெட்டு எங்கிருந்து வந்தது? தேனீ ஈயத்தைச் சுரப்பதில்லை. அன்று பின்னேரமே வேலப்போடியைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைப் பிரித்தாள். பிசின் வழித்த இடமெல்லாம் வர்ணம் கத்தியோடு பெயர்ந்து, பலகை தெரிந்தது.

“அண்டைக்கே சொன்னன் தங்கச்சி” என்றார் வேலப்போடி.

“மணத்துக்குத்தானேண்ணன் சொன்ன. நஞ்செண்டு சொல்லல்லயே.”

“நஞ்செண்டு எனக்கெங்க தெரியும். பூச்சிக்குப் பிடிக்கல்ல எண்டுதான் தெரியும். அதுகள் உங்கட ஆக்களவிட விளப்பம்.”

ஒரு நகத்தளவு வர்ணத்தைச் சுரண்டி, வினாகிரியில் போட்டுச் சூடாக்கி, வடித்து, அதில் ரியூஷன் அலுமாரியில் இருந்த பொற்றாசியம் அயடைட்டைச் சில துளி விட்டாள். பரிசோதனைக் குழாயின் அடியில் பளீரென்று மஞ்சள் படிந்தது. இந்தப் பரிசோதனையை வருடா வருடம் மாணவிகளுக்குச் செய்து காட்டுகிறாள். உலோக ஒட்சைட்டு அமிலத்தில் கரைந்து உப்பும் நீரும் ஆகும். எழுதுங்க பிள்ளைகள், பரீட்சைக்கு வரும்.

மதுசாரம் பிசினைக் கரைத்திருக்கும். வர்ணத்தில் இருந்த ஈயத்தை இந்த அளவுக்கு இழுத்திருக்காது. வினாகிரியின் அமிலம் அதை இழுத்து வெளியே எடுத்து, பிள்ளைகளின் நாக்கில் வைத்துவிட்டது. வினாகிரி என்று சொன்னது யார்? மூளைக்காரி.

முதலில் பின்வீட்டுக்குத்தான் ஓடினாள். போத்தலைப் பிடுங்கிக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றினாள். றுஸ்னா அதிர்ந்து போனாள்.

“லாத்தா, உங்களுக்கு என்ன புடிச்ச? எழுநூற்றைம்பது ரூபாய்.”

“நஞ்சுடி. பஸாலுக்கு இனி ஒரு சொட்டும் குடுக்காத.”

“றிப்போட்டில ஹலால் எண்டு போட்டிரிக்காமே. கடையில தொங்குது, நான் என்ட கண்ணால கண்ட.”

“ஹலால்தான். ஹலாலான நஞ்சு.”

“வினாகிரி நல்லம் எண்டு நீங்கதானே சொன்ன? இப்ப நஞ்செண்டா நான் எந்த லாத்தாவ நம்புற?”

ஸம்றா வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனாள். மாலையில் பார்த்தால், றுஸ்னாவின் மாமி புதுப் போத்தலோடு வந்து நின்றாள். ஸம்றா சங்கப் பெண்களிடம் சொன்னாள். பதினைந்து பேருக்கும் அந்தப் போத்தல்தான் சோறு. ஸம்றாவுக்குப் புருஷன் காசு வருகிறது, அதனால் கதைக்கிறாள் என்றார்கள். அதில் பாதி உண்மையும் இருந்தது. ஹாஜியாரிடம் மறுபடியும் போனாள்.

“இஞ்ச பாரு புள்ள, ஒரு ஊருக்கு நல்லது நடக்கக்குள்ள குறுக்க நிக்கப்படா. வார வெள்ளியில இருந்து புதுசாப் பிறக்கிற புள்ளைக்கெல்லாம் போத்தல் இலவசம் எண்டு அறிவிக்கப் போறன். நீ முதல் பக்கத்த மட்டும் எழுது.”

“மூணு பக்கத்தையும் எழுதினா?”

“நீளமாப் போகும். சரி, எழுதுறதெண்டா எழுது. வடிவான எழுத்தா எழுது, எனக்குக் கண் சரியில்ல.”

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு என்பது ஊர் அறிந்தது. ஜனாஸா அறிவித்தலானாலும் காணாமல் போன ஆட்டைப் பற்றியதானாலும் தாளை மைக்குக்கு முன்னால்தான் முதன் முதலில் விரிப்பார். முன்கூட்டி வாசிப்பது தன் குரலுக்குச் செய்யும் அவமானம் என்று நினைத்திருக்கலாம். ஒவ்வொரு சொல்லையும் ஏந்தி, நிறுத்தி, பள்ளிக் கோபுரத்தின் நாலு ஒலிபெருக்கியிலும் ஊற்றுவார். அந்தக் கம்பீரத்தில் அவருக்கே பொருள் கேட்காது. ஊர் அந்தக் குரலைத்தான் நம்பியது. ஸம்றாவின் குரலுக்கு ரியூஷன் கூரைக்கு மேல் போக அனுமதி இருந்ததில்லை.

வியாழன் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். பெரிய எழுத்து, வரிக்கு வரி இடைவெளி. ஒரு பொய்யும் எழுதவில்லை. ஒன்றையும் மறைக்கவும் இல்லை, தன்னையும்.

வெள்ளி மதியம் தொழுகை முடிந்து செருப்புத் தேடும் சத்தம் தொடங்குமுன் ஹாஜியாரின் குரல் எழுந்தது. பெண்கள் அடுப்படியில் கரண்டியை நிறுத்திக் கேட்டார்கள். ஸம்றா வாசற்படியில் நின்றாள். பின்வீட்டு யன்னலில் றுஸ்னா, இடுப்பில் பஸால்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நமது ஊரின் புகழ்பெற்ற தேன்பிசின் சொட்டு பற்றிய ஆய்வுகூட அறிக்கையின் முழுமையான தமிழாக்கம். ஒன்று. இதில் மதுசாரம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.” அல்ஹம்துலில்லாஹ் அவர் தானாகச் சேர்த்தது. “இரண்டு. இதில் ஈயம் என்னும் நஞ்சு, இருக்கக்கூடிய அளவைவிடப் பன்னிரண்டு மடங்கு இருக்கிறது. மூன்று. இது மனிதர் குடிப்பதற்கு உகந்ததல்ல. ஈயம் குழந்தைகளின் இரத்தத்தைக் கெடுக்கும், மூளை வளர்ச்சியைக் குறைக்கும்.”

தாளின் பக்கம் திரும்பும் சத்தம் ஊரெங்கும் கேட்டது. அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். மைக்குக்கு முன்னால் பாதியில் நிறுத்துவது அவருடைய வாழ்க்கையில் நடந்ததில்லை.

“இந்த ஈயம் பெட்டிகளின் உள்ளே பூசிய சிவப்பு வர்ணத்திலிருந்து வந்தது. அந்த வர்ணத்தை அன்பளிப்புச் செய்தவர் அல்ஹாஜ் சப்ரி அவர்கள்.” சொந்தப் பெயர் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது என்று கேட்டவர்கள் சத்தியம் செய்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் வழமையாகப் புகழ்தானே வரும். “வினாகிரியில் கரைக்கச் சொல்லி அந்த நஞ்சை வெளியே இழுத்தது நான். அது என்னுடைய பிழை. இன்றிலிருந்து எந்தப் பிள்ளைக்கும் இதை ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். குடித்த பிள்ளைகளைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் பாருங்கள்.”

அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் ஒரு இருமல் கேட்டது. பிறகு மைக் அணைந்தது.

றுஸ்னா யன்னலில் இல்லை. பின்வீட்டிலிருந்து கண்ணாடி உடையும் சத்தமும் மாமியின் கூச்சலும் வந்தன. ஸம்றா படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

நம்பிக்கையாளர் சபை அன்று மாலையே கூடியது. நிகழ்ச்சி நிரலில் முதல் விடயம், ஒரு பெண் எழுதிய ‘நான்’ பள்ளி மைக்கில் எப்படி வந்தது. இரண்டாவது, ஹாஜியாரின் கௌரவம். மூன்றாவது, இனி அறிவித்தல்களை முன்கூட்டிச் சரிபார்க்க உபகுழு. நான்காவது, ஈயம். நேரமின்மை காரணமாக நான்காவது ஒத்திவைக்கப்பட்டது. ஸம்றா மன்னிப்புக் கடிதம் தர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அவள், எந்தப் பிழைக்கு என்று குறிப்பிடுமாறு கேட்டுப் பதில் அனுப்பினாள். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. ரியூஷன் பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றார்கள். வாசல் கதவில் ஒருவன் சாணி பூசினான். அதில் ஈயம் இல்லை என்று கழுவிக்கொண்டே சொன்னாள் அவள்.

ஆனால் தாய்மார்கள் சபைக்குக் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை கல்முனை பஸ்ஸில் பதினொரு பிள்ளைகள். புதன்கிழமை இருபத்தாறு. யார் என்ன கேட்டாலும், பல்லுக்குக் காட்டப் போகிறோம் என்றார்கள். பல் முளைக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சொன்னவர்களும் உண்டு. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமை கழித்து, பஸாலின் தாளை டொக்டர் மேசையில் விரித்தார். இரத்தத்தில் ஈயம் பதினான்கு. ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது.

“இன்னும் ஆறு மாதம் குடிச்சிருந்தா வேற கதை கதைச்சிருப்பம்” என்றார் டொக்டர். “இப்ப நிப்பாட்டினதால இறங்கும். இரும்புச் சத்துத் தாறன். மாதம் ஒருக்கா வாங்க.”

“மூளைக்கு?” என்று கேட்டாள் ஸம்றா. அவளுக்கு விடை தெரியும். இன்னொரு வாயிலிருந்து வேண்டியிருந்தது.

“பாப்பம். கூடின வரையில பயமில்ல எண்டுதான் நினைக்கிறன்.”

றுஸ்னா டொக்டரின் அறையை விட்டு வெளியே வந்து, பிள்ளையை லாத்தாவின் கையில் வைத்தாள். போத்தலைக் கானுக்குள் ஊற்றிய நாளுக்குப் பிறகு முதல் தடவை.

பிள்ளைகளோடு காத்திருப்பவர்களால் நீள வாங்கு நிறைந்திருந்தது. அதன் கடைசியில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, மகளின் பிள்ளையை மடியில் வைத்தபடி சப்ரி ஹாஜியார் இருந்தார். நம்பர்த் துண்டைக் கையில் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். ஸம்றா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சண்டைக்கென்றே உட்கார்ந்தவள், பிள்ளையின் வெளிறிய உதட்டைப் பார்த்ததும் பஸாலை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

“முதல் போத்தல் இவளுக்குத்தான் குடுத்த” என்றார் அவர், சுவரைப் பார்த்து.

“இறங்கும் ஹாஜியார். நிப்பாட்டினா இறங்கும். எங்கட பஸாலுக்குச் சொன்னாங்க.”

ஹாஜியார் பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரி செய்தார்.

“ஊர் என்னப் பத்தி என்ன நினைக்குது எண்டு எனக்குத் தெரியும் புள்ள. அதுக்குப் பரிகாரமா ஒரு நன்மை செய்வமெண்டு நினைச்சன். கடையில மிஞ்சின பெயின்ற் டின் ஒம்பதையும் பாலர் பாடசாலைக்கு அன்பளிப்பாக் குடுத்திட்டன். கதிரை, மேசை, ஊஞ்சல் எல்லாம் பூசுறாங்க. தேனீப் பெட்டி இல்லத்தானே, வாயில வைக்கிற சாமானா அது?”

ஸம்றா அவரைப் பார்த்தாள். பகிடி இல்லை. மெய்யாகவே கேட்கிறார்.

“எப்ப பூசுற?”

“இண்டைக்குக் காலையில தொடங்கிரிப்பாங்க.”

பஸாலை றுஸ்னாவிடம் கொடுத்தாள். வெளியே ஓடி ஓர் ஓட்டோவை மறித்து, அட்டாளைச்சேனை பாலர் பாடசாலைக்கு, கெதியாப் போங்க தம்பி என்றாள். ஏறி உட்கார்ந்த பிறகுதான், வலது கால் செருப்பு ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடப்பது தெரிந்தது. அதை எடுக்க இறங்கவில்லை.